மாடிப்படியில் மாட்டிக்கொண்ட கத்தரிக்காய்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். பேருந்து நிலையத்து டிக்கெட் கவுண்டரில் கண்ணாடிக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்களே, அதன் வழியாக நாள் முழுக்க மனிதர்களோடு பேசிப் பாருங்கள், அப்புறம் தெரியும். "அம்மா, வந்து, நான் என்ன கேக்கறேன்னா..." என்று ஒருவர் இழுத்துக்கொண்டு நின்றால், பின்னால் இருக்கிற வரிசை முழுக்க என் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். அதனால் ஆள் வாயைத் திறக்கும்போதே என்ன சொல்ல வருகிறார் என்று கண்டுபிடித்து, மீதியை நானே சொல்லி முடித்துவிடுவேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். எப்போதாவது ஒருத்தர் வேறு ஊரில் போய் இறங்குவார். அது அவர் தலையெழுத்து.

வீட்டிலும் அப்படித்தான். எங்கள் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் முழு வாக்கியம் பேசுகிறவராகத்தான் இருந்தார். இப்போது பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், மீதியை நான் சொல்லிவிடுவேன் என்று. எனக்கு ஈடு கொடுத்துப் பேசுகிறவள் என் மகள் ஒருத்திதான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், ஒரே நேரத்தில் சண்டை போடுவோம், ஒரே நேரத்தில் சிரிப்போம். அவள் கல்யாணமாகி நகரத்தின் அந்தக் கோடிக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அது சத்தம் போடும் என்றே அதுவரை எனக்குத் தெரியாது.

சரி, போனிலாவது பேசலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

"சாப்டியாடி?"

"சாப்டேம்மா."

"என்ன பண்றே?"

"சும்மாதாம்மா இருக்கேன்."

"சும்மா இருந்தா பேச வேண்டியதுதானே? என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு? சளியா? ராத்திரி ஃபேனைக் குறைச்சு வைன்னு எத்தனை தடவை..."

"அம்மா, நான் அப்புறம் பேசறேன்."

டக். வைத்துவிடுவாள். தினமும் இதே கதை. சும்மாதான் இருக்கிறாளாம், ஆனால் அம்மாவோடு பேச முடியாதாம்! கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் நான் தொல்லையாகிவிட்டேன் என்று நினைத்து நினைத்து மனசு வெந்தது. ஒரு நடை நேரில் போய்ப் பார்க்கலாம்தான். ஆனால் போனையே பட்டென்று வைக்கிறவள் வீட்டுக்கு என்ன சாக்கில் போவது? எனக்கும் ரோஷம் உண்டு.

அப்படி இருக்கும்போது ஒருநாள் போனை வைப்பதற்கு முன்னால் அவள் சொன்னாள்: "ஹால் சுவர் ரொம்ப வெறிச்சுனு இருக்கும்மா."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதும்.

ஏனென்றால் என்னிடம் ஒரு படம் இருந்தது. வீடு அமைதியாகிப் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நூலக மாடியில் நடக்கிற ஓவிய வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். சார்ட் பேப்பர் அளவுக்குப் பெரிய தாளில் மூன்று கத்தரிக்காய் வரைந்திருந்தேன். ஏன் கத்தரிக்காய் என்று கேட்பீர்கள். ஆப்பிள், ஆரஞ்சு எல்லாம் வட்டம். வட்டம் எனக்கு வராது. கத்தரிக்காய் எந்தப் பக்கம் கோணினாலும் கத்தரிக்காய்தான். ஊதாவும் பச்சையுமாக அது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வகுப்பு டீச்சர்கூட, "தைரியமா வரைஞ்சிருக்கீங்க" என்றார்.

அதை அவள் ஹாலில் மாட்டிவிட்டால், தினமும் காலையில் எழுந்ததும் என் கத்தரிக்காய் முகத்தில்தான் விழிப்பாள். போனை வைக்கலாம், சுவரை என்ன செய்வாள்? நான் அங்கே இல்லாவிட்டாலும் என்னுடையது ஒன்று அங்கே இருக்கும். எனக்கு வேண்டியது அதுதான்.

எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தார்.

"கேட்டுட்டுச் செய்தா அதுக்குப் பேர் பரிசாங்க?" என்று சொல்லிவிட்டுப் படத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கடைத்தெருவில் ஃபிரேம் கடை ஒன்றுதான் உண்டு. கடைக்காரர் ஒல்லியானவர். காதில் பென்சில், சட்டையெல்லாம் மரத்தூள். எதைக் கேட்டாலும் "அது வந்துங்க" என்று ஆரம்பித்துவிட்டு அதற்கப்புறம்தான் யோசிப்பார். அதனால் அவருக்கு நான் வைத்த பெயர் 'அதுவந்து'. என்னைப் பார்த்ததுமே ஓர் அடி பின்னால் நகர்ந்தார். என் கவுண்டர் வரிசையில் நின்று அனுபவப்பட்டவராம்.

சுவர் முழுக்கச் சட்டங்களின் மூலைத் துண்டுகளை மாட்டி வைத்திருந்தார், ஒவ்வொன்றும் 'ட' எழுத்துப் போல. அதில் ஒன்றை எடுத்துப் படத்தின் மூலையில் வைத்துக் காட்டுவார், நாம் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். தங்க நிறத்தில் வைத்தார். கத்தரிக்காய் மந்திரி பதவி ஏற்றதுபோல இருந்தது. கறுப்பில் வைத்தார். கத்தரிக்காய் காலமாகிவிட்டதுபோல இருந்தது. மெல்லிய வெள்ளைச் சட்டத்தில் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. கடைசியில் அடர்த்தியான மர நிறம் பொருந்தியது.

"அடுத்தது மவுண்ட்டுங்க," என்றார்.

சட்டத்துக்கும் படத்துக்கும் நடுவே, ஜன்னல் வெட்டிய ஓர் அட்டை வைப்பார்களே, அதுதான் மவுண்ட். அட்டையைச் சாய்வாக வெட்டினால் ஜன்னலைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு தெரியும், அழகாக இருக்கும். நான் பச்சை அட்டை கேட்டேன், காம்பின் நிறத்துக்குப் பொருத்தமாக.

"அது வந்துங்க, பச்சை வச்சா பச்சைதாங்க தெரியும்."

"கத்தரிக்காய் தெரியாதுங்கறீங்களா?"

"வெள்ளை வச்சா எல்லாரும் படத்தைப் பார்ப்பாங்க."

எல்லோரும் படத்தைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர் வெள்ளை என்று எடுத்துப் போட்டது ஓர் அடுக்கு அட்டை. இது பால், இது தந்தம், இது முட்டை ஓடு என்றார். எல்லாம் என் கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் முட்டை ஓட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, "வாங்க சம்பந்தியம்மா!" என்று வாசலில் குரல் கேட்டது.

மாப்பிள்ளையின் அப்பா. கையில் அவரும் ஒரு சுருட்டிய தாள் வைத்திருந்தார். அவர் வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருக்கிறார். தன்மையான மனிதர், மூடிய லிஃப்டுக்குள் நின்று பேசுவதுபோல மெதுவாகத்தான் பேசுவார். ஆனால் சம்பந்தி சம்பந்திதானே? எவ்வளவு தன்மையாக இருந்தாலும் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும்.

"நீங்க எங்க இந்தப் பக்கம்?" என்றேன்.

"பையன் சொன்னான், ஹால் சுவர் வெறிச்சுனு இருக்காம். அதான் நாம வரைஞ்ச படம் ஒண்ணு..." என்று தாளை விரித்தார். நீலக் கடலில் ஒரு கப்பல். இந்த மனுஷன் கப்பலை எங்கே பார்த்தாரோ, அது அசல் இஸ்திரிப்பெட்டி மாதிரி இருந்தது.

"கப்பல் பிரமாதம்!" என்றேன். சம்பந்தியிடம் வேறு என்ன சொல்ல முடியும்?

"உங்க பலூன் அதைவிடப் பிரமாதம்," என்றார் அவர்.

"கத்தரிக்காய்."

"அதேதான், அதேதான்."

ஆகமொத்தம் இரண்டு பேரும் அதே சுவரைக் குறிவைத்து வந்திருக்கிறோம். எனக்கு உள்ளே கொதித்தது. மகன் எப்போது வேண்டுமானாலும் அவரிடம் போய் உட்கார்ந்து பேசுகிறான், அவருக்கு எதற்குச் சுவர்? ஆனால் முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டேன். "உங்க படத்தையே மாட்டட்டும்" என்றேன். "அதெப்படி, உங்களோடதுதான் முதல்ல" என்றார் அவர். இப்படியே "நீங்க", "இல்லை நீங்க" என்று நாங்கள் மாறி மாறி விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்ததில், அதுவந்துவுக்குத் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக் கழுத்து வலியே வந்திருக்கும். கடைசியில் அவர்தான் சொன்னார்: "அது வந்துங்க, ரெண்டுக்கும் ஒரே சட்டம், ஒரே மவுண்ட், பக்கத்துக்கு மூணு இஞ்ச் விட்டுப் போட்டுடறேன். பக்கத்துல பக்கத்துல மாட்டினா ஜோடியா இருக்கும்."

"ரொம்ப நியாயம்," என்றேன் நான்.

"அவங்க சொன்னா சரி," என்றார் சம்பந்தி.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. அவர் கப்பல் அகலவாக்கில் இருந்தது. என் கத்தரிக்காய் நெடுக்குவாக்கில். இரண்டையும் பக்கத்தில் மாட்டினால் யாருடையது எடுப்பாகத் தெரியும்? கப்பல்தான்! உள்ளே வருகிறவர்கள் எல்லாம் இஸ்திரிப்பெட்டியைப் பாராட்டிவிட்டு, "ஓரத்துல இது என்ன?" என்று கேட்பார்கள். நேரில் சொல்ல முடியாது, சம்பந்தி மனசு நோகும். போன் எதற்கு இருக்கிறது?

"என்னோடதுக்கு மட்டும் மவுண்ட்டை நாலு இஞ்ச் கூட்டிடுங்க," என்றேன்.

"நாலா? அது வந்துங்க, ஒரு பக்கத்துக்கு நாலுன்னா ரெண்டு பக்கமும் சேர்த்து..."

"எனக்குக் கணக்கு தெரியும். கூட்டுங்க."

இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் மூக்கில் வேர்த்தது. நான் போன் செய்தேன் என்றால் அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டா இருந்திருப்பார்? மறுபடியும் போட்டேன்.

"எங்க சம்பந்தி உங்களுக்கு போன் பண்ணாரா?"

"பண்ணாருங்க."

"கூட்டச் சொன்னாரா?"

"கூட்டத்தாங்க சொன்னாரு. ஆனா அது வந்துங்க..."

"வந்தும் இல்லை, போயும் இல்லை. பார்த்தீங்களா அந்த மனுஷனை! நேர்ல 'அவங்க சொன்னா சரி', முதுகுக்குப் பின்னால இந்த வேலை! எனக்கு இன்னும் நாலு கூட்டுங்க."

"அம்மா, ஒரு நிமிஷம், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"அட்டை பத்தாதுன்னுதானே? ஒட்டுப் போட்டுக்குங்க," என்று போனை வைத்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் நானும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும், அது வேறு, இது வேறு.

அந்த வாரத்தில் இன்னொரு தடவையும் போட்டேன். அப்போதும் "கூட்டச் சொன்னாருங்க, ஆனா..." என்றார். நானும் இன்னொரு நாலு கூட்டினேன்.

எங்கள் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "ஏம்மா, அந்தச் சுவர் எவ்வளவு..." என்றார் ஒரு சாயங்காலம்.

"எவ்வளவு அழகா இருக்கப்போகுதுன்னுதானே கேக்கறீங்க? இருக்கும்," என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து போனார்.

படம் தயாரான அன்று அதுவந்து, "நேரா உங்க பொண்ணு வீட்டுக்கே கொண்டு வந்துடறேங்க, வண்டி வச்சுதான் வரணும்" என்றார். வண்டி வைத்து வருகிறது என் படம் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. மகளுக்குப் போன் செய்து, வீட்டிலேயே இரு, ஒரு சாமான் வருகிறது என்று மட்டும் சொன்னேன். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

அந்தக் குடியிருப்பு வாசலில் ஒரு சின்ன லாரி நின்றது. அதிலிருந்து போர்வை சுற்றிய எதையோ இரண்டு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ கட்டில் வாங்கியிருக்கிறார்கள் போல என்று தாண்டிப் போகப் பார்த்தேன்.

"அம்மா, இதாங்க," என்றார் அதுவந்து, போர்வையை விலக்கி.

ஆள் உயரம் இருந்தது. அகலமும் கிட்டத்தட்ட அதே அளவு. சட்டம் அற்புதமாக இருந்தது, பளபளவென்று. அதற்குள் ஒரே வெள்ளை, வெள்ளை, எங்கே பார்த்தாலும் முட்டை ஓட்டு வெள்ளை. நடுவே எங்கேயோ மூன்று கத்தரிக்காய், பெரிய மைதானத்தில் வழி தெரியாமல் நிற்கிற மூன்று பேர் போல. அட்டையை ஒட்டின கோடு மேலிருந்து கீழ்வரை தெரிந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் பக்கத்தில், தன் படத்தோடு வந்திருந்த சம்பந்தி நின்றார். நான் காட்டிக்கொள்வேனா? "நல்லா வந்திருக்கு," என்றேன்.

அவர் கையில் பேப்பரில் சுற்றிய கப்பல் இருந்தது. மவுண்ட்டே இல்லை. படத்தை ஒட்டி ஒரு மெல்லிய சட்டம், அவ்வளவுதான். கக்கத்தில் அடங்கிவிட்டது. இத்தனை தடவை போன் செய்து கூட்டியதாகச் சொன்னாரே அதுவந்து, என்ன இது என்று ஒரு கணம் குழம்பினேன். அப்புறம் ஜெயித்தாகிவிட்டது, எதற்குக் குழப்பம் என்று விட்டுவிட்டேன்.

சம்பந்தி நேரே லிஃப்ட் வாசலுக்குப் போய்க் கையாலேயே அளந்து பார்த்தார். "நிமித்தி வச்சாலும் போகாது, குறுக்க சாய்ச்சாலும் கதவு மூடாது," என்று தொழில் முறையில் தீர்ப்புச் சொன்னார். மூன்றாவது மாடி. படிதான் வழி. மாப்பிள்ளை இறங்கி வந்து பார்த்துவிட்டு, "அத்தை, இது என்னது?" என்றார்.

"பரிசு. பிடிங்க மாப்பிள்ளை."

இறக்கியதோடு லாரிக்காரர் ஒதுங்கிக்கொள்ள, மாப்பிள்ளை மேல் பக்கம் பிடித்தார். அதுவந்துவும் சம்பந்தியும் கீழ்ப் பக்கம். கப்பல் படி ஓரமாக ஒதுங்கியது. நான் பின்னால் நின்று, "இடது பக்கம் தூக்குங்க, சுவத்துல இடிக்காதீங்க, மாப்பிள்ளை, குனியுங்க" என்று வழி சொல்லிக்கொண்டே ஏறினேன். இரண்டாவது மாடியைத் தாண்டித் திரும்புகிற இடத்தில் சட்டத்தின் மேல் மூலை கைப்பிடிக் கம்பியில் மாட்டியது. கீழ் மூலை சுவரில் மாட்டியது. தூக்கினார்கள், வரவில்லை. இறக்கினார்கள், இறங்கவில்லை. இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே கதவு போட்டு அடைத்ததுபோல நின்றுவிட்டது. மேலே மாப்பிள்ளை, கீழே நாங்கள் மூன்று பேர்.

எனக்கு வந்ததே கோபம்! "என்ன மனுஷன்யா நீங்க? படி வழியா ஏறுமான்னு பார்க்காமலா ஒருத்தர் இப்படிச் செய்வாரு? நான் கொஞ்சம் கூட்டச் சொன்னா, இப்படியா கூட்டறது? பன்னெண்டு இஞ்ச் கூட்டினா இவ்வளவா வரும்? யாரை ஏமாத்தப் பார்க்கறீங்க?"

அதுவந்து சட்டத்தைத் தோளில் முட்டுக்கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்க அடிச்சாலும் சரி, இன்னிக்கு நான் சொல்லி முடிச்சுடறேன்." அவர் 'அது வந்து' போடாமல் பேசி அன்றுதான் கேட்டேன். "பன்னெண்டு நீங்க கூட்டினது. ஐயா ஒவ்வொரு தடவையும் போன் பண்ணிக் கூட்டச் சொன்னாரே, அதுவும் உங்க படத்துக்குத்தான். 'சம்பந்தியம்மா படம் நல்லா பெருசா தெரியணும், என்னோடதுக்கு மவுண்ட்டே வேணாம், இடத்தை அடைக்கும்'னாரு. நீங்க கூட்டினது ஒரு பக்கம், அவரு கூட்டினது ஒரு பக்கம், ரெண்டும் சேர்ந்து இப்படி ஆயிடுச்சு. நான் ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் வந்தேன். நீங்க விட்டாத்தானே?"

நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் சட்டத்தின் அடியைப் பார்த்தார்.

"எதுக்குங்க?" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"இல்லை, பையன் சொன்னான்..." என்று தயங்கினார். அன்று பார்த்து எனக்கு மீதியைச் சொல்லி முடிக்கத் தெரியவில்லை. அவரே முடித்தார். "மருமக தினமும் உங்ககிட்ட பேசிட்டு போனை வச்சதும் சோபால உக்காந்து அழுவுதாம். ஏன்னு கேட்டா ஒண்ணும் இல்லைங்குதாம். அம்மா ஞாபகமா இருக்கும், அவங்க வரைஞ்சது கண்ணு முன்னால பெருசா இருந்தா கொஞ்சம் ஆறுதலா இருக்குமேன்னு... நான்தான் கூட்டச் சொன்னேன்."

"அப்பா! அதையெல்லாம் ஏன்பா..." என்று மேலேயிருந்து மாப்பிள்ளை குரல் கொடுத்தார்.

அழுகிறாளா? என் மகளா? போனை வைத்துவிட்டு நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கிறாள் என்றல்லவா நான் தினமும் பொருமிக்கொண்டிருந்தேன்!

"எதுக்கு அழறா? யாரு என்ன சொன்னா அவளை? மாப்பிள்ளை, நீங்க என்ன சொன்னீங்க?"

"சத்தியமா நான் ஒண்ணும் சொல்லலை அத்தை!"

"வழி விடுங்க, நான் மேல போகணும்!"

"நான் விட்டுட்டேன் அத்தை, இதுதான் விட மாட்டேங்குது!"

முட்டிப் பார்த்தேன். தோளால் இடித்தேன். அசையவில்லை. ஓரத்தில் ஒரு பூனை போகிற இடம் இருந்தது, நான் போக முடியாது. என் மகள் மேலே ஒரு மாடி தூரத்தில் இருக்கிறாள், நடுவில் குறுக்கே நிற்பது என் கத்தரிக்காய். அவளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அங்குலம் அங்குலமாக நானே கூட்டிக் கூட்டிக் கட்டிய சுவர்! அந்த மவுண்ட்டைக் கிழித்துப் போடலாம் போல ஆத்திரமாக இருந்தது.

சத்தம் கேட்டு மகளே இறங்கி வந்தாள். சட்டத்துக்கு மேலே முதலில் அவள் தலைமுடி தெரிந்தது, பிறகு நெற்றி, பிறகு கண்.

"அம்மா? இது என்னம்மா, கதவா?"

"படம்டி. கத்தரிக்காய்."

அவள் எட்டிப் பார்த்தாள். அந்த வெள்ளையையும் நடுவில் இருந்த மூன்றையும் பார்த்துவிட்டு, களுக்கென்று சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! சிரித்துக்கொண்டே இருந்தவள் மூக்கை உறிஞ்சினாள். கண் நிறைந்துவிட்டது.

"ஏன்டி அழறே? அழறியாமே தினமும்? என்கிட்ட ஏன்டி சொல்லலை? உடம்பு சரியில்லையா? வேலையில ஏதாவது தொந்தரவா? இவர் ஏதாவது... பயப்படாமச் சொல்லு, நான் இருக்கேன், இப்பவே..."

"அம்மா, நீ கொஞ்ச நேரம் பேசாம இரேன்!"

என்னை யாரும் இப்படிச் சொன்னதில்லை. சம்பந்தி சுவரைப் பார்த்துக்கொண்டார். அதுவந்து மூச்சுக்கூட விடவில்லை.

"இதுக்குத்தாம்மா நான் போனை வச்சுடறேன்," என்றாள் அவள். குரல் உடைந்து உடைந்து வந்தது. "உன் குரலைக் கேட்டாலே எனக்குத் தொண்டை அடைச்சுக்குது. அழுதேன்னு வை, நீ உடனே யாரு என்ன சொன்னான்னு ஆரம்பிச்சுடுவே. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்து இவரை நிக்கவச்சுக் கேள்வி கேப்பே. யாரும் ஒண்ணும் சொல்லலைம்மா. இவர் நல்லாத்தான் பார்த்துக்கறார். மாமா நல்லவர். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு வெறுமனே அழணும். காரணம் இல்லாம உன்கிட்ட அழணும். நீ அதுக்கு விட மாட்டேங்கறே."

என் வாயில் பத்து பதில் வரிசையில் நின்றன. நான் அப்படியா, எப்போது அப்படிச் செய்தேன், அழுகைக்குக் காரணம் இல்லாமல் இருக்குமா, சரியாகச் சாப்பிட்டால் அழுகை வராது, முகம் எப்படி இளைத்திருக்கிறது பார்... ஒவ்வொன்றும் முந்திக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை வேறு எதையும் நான் செய்ததில்லை.

ஒரு படி மேலே ஏறி, சட்டத்தின் மேல் விளிம்பைத் தாண்டிக் கையை நீட்டினேன். அவள் கன்னம் எட்டவில்லை. அவளே கொஞ்சம் குனிந்து, என் உள்ளங்கையில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அழு," என்றேன்.

அழுதாள். சின்னப் பிள்ளை போல, கேவிக் கேவி, சத்தமாக. மேலேயிருந்து குப்பைப் பையோடு இறங்கி வந்த யாரோ ஒருவர் மாப்பிள்ளையிடம், "கீழ போகணுமே" என்றார். மாப்பிள்ளை உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

"அது வந்துங்க," என்று என் முதுகுக்குப் பின்னால் மெல்ல ஒரு குரல் கேட்டது, "கை மரத்துப்போச்சுங்க."

"பிடிய்யா, அது அழுது முடிக்கட்டும்," என்றார் சம்பந்தி.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை.